52-ல் எழுதாதீர்கள்: சிடி ரைட்டர் பற்றிய கேள்வி பதில்

தருமபுரியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்கிறேன். சிடி ரைட்டர் பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். பழைய ரைட்டர் ஓடும் வீடுகள் தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் இவ்வளவு இருக்கும் என்று நினைக்கவில்லை. டிரைவ், பிளாங்க் சிடி, எழுதும் முறை, இந்த மூன்றைப் பற்றிய கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டேன். விண்டோஸ் கோளாறு, வைரஸ், பிரிண்டர் கேள்விகளை விட்டுவிட்டேன்.

பாலக்கோடு, கல்லூரி மாணவர்: அண்ணா, அப்பாவின் பழைய கம்ப்யூட்டரில் உள்ள ரைட்டரின் முகப்பில் 52எக்ஸ், 32எக்ஸ், 52எக்ஸ் என்று மூன்று எண் போட்டிருக்கிறது. இதற்கு என்ன அர்த்தம்? 52-ல் எழுதலாமா?

தம்பி, முதல் எண் சாதாரண சிடி-ஆர் எழுதும் வேகம். நடுவில் இருப்பது அழித்து எழுதும் சிடி-ஆர்டபிள்யூவுக்கு. கடைசி எண் படிக்கும் வேகம். ஒரு எக்ஸ் என்றால் விநாடிக்கு 150 கிலோபைட். அப்படிப் பார்த்தால் 52எக்ஸ் விநாடிக்கு 7,800 கிலோபைட்.

ஆனால் சிடி முழுக்க அந்த வேகம் கிடைக்காது. எழுத்து நடுவில் ஆரம்பித்து விளிம்பு நோக்கிப் போகும். ராட்டினத்தில் ஓரத்தில் உட்கார்ந்தவன் நடுவில் இருப்பவனைவிட வேகமாகப் போவது போல, ஒரே சுற்றுவேகத்தில் விளிம்பில் அதிக நீளம் லேசரைக் கடக்கும். 1எக்ஸில் சிடி நடுப்பக்கம் படிக்கும்போது நிமிடத்துக்குச் சுமார் 500 சுற்று, விளிம்பில் சுமார் 200 சுற்று. விளிம்பில் 52எக்ஸ் வேண்டுமென்றால் 200-ஐ 52-ஆல் பெருக்குங்கள், பத்தாயிரம் சுற்றுக்கு மேல். அதே சுற்றில் நடுப்பக்கம் கிடைப்பது 20, 21எக்ஸ்தான். பெட்டியில் போட்ட 52 கடைசி ஓரத்தில் மட்டும் எட்டும் எண்.

நேரக் கணக்கையும் போட்டுப் பாருங்கள். 80 நிமிட சிடி 52-ல் எழுதி முடிய, தொடக்க முடிவு வேலைகளையும் சேர்த்து, இரண்டரை முதல் மூன்று நிமிடம். 24-ல் எழுதினால் நான்கு நிமிடத்துக்கு ஒட்டி வரும். மிச்சமாவது ஒன்றரை நிமிடம் கூட இல்லை. அதற்காகப் பத்தாயிரம் சுற்றில் அதிரும் சிடியில் லேசரைக் குறி பார்க்கச் சொல்கிறோம். அதனால் 52-ல் எழுதாதீர்கள். 16 அல்லது 24 போதும். எழுதி முடித்ததும் சரிபார்க்கும் வசதியை, நீரோவோ இம்க்பர்னோ எந்த மென்பொருளில் எழுதினாலும், கட்டாயம் டிக் செய்யுங்கள்.

ஓசூர், தொழிற்சாலைப் பொறியாளர்: புதிய மதர்போர்டில் பழைய ஐடிஇ ரைட்டரை மாட்ட வழி உண்டா?

மாற்றி அடாப்டர் கிடைக்கும், ஆனால் அந்தச் செலவு வேண்டாம் சார். ஐடிஇ பழைய பட்டைக் கேபிள் இணைப்பு, புதிய போர்டில் இருப்பது மெல்லிய சாட்டா கேபிள் இணைப்பு. சாட்டா டிவிடி ரைட்டர் ஒன்று வாங்குங்கள், அது சிடியும் எழுதும். யூஎஸ்பியில் வெளியே மாட்டும் மெல்லிய ரைட்டர் சிடியை அதிகபட்சம் 24எக்ஸில் எழுதும். அதைக் குறையாக நினைக்க வேண்டாம். கேபினெட்டின் பின்பக்க யூஎஸ்பியில் மாட்டுங்கள், முன்பக்கத்தில் மின்சாரம் போதாமல் நடுவில் நின்றுவிடலாம்.

காவேரிப்பட்டணம், ஸ்டுடியோ வைத்திருப்பவர்: 16, 24 எல்லாம் கூட அதிகம். 4எக்ஸில் எழுதினால்தான் சிடி கெடாது. கல்யாண வீடியோ எழுதியவன் அனுபவத்தில் சொல்கிறேன்.

அண்ணே, உங்கள் அனுபவம் அந்தக் காலத்து சிடிக்குப் பொருந்தும். இன்று கையில் இருக்கும் சிடிக்குப் பொருந்தாது. சிடி-ஆரில் ஒரு சாயப் படலம் இருக்கிறது. லேசர் அதைச் சூடாக்கி அடையாளம் போடுகிறது. ஆரம்பகால சிடிக்களின் சாயம் மெதுவான எழுத்துக்கு என்று செய்தது. 48, 52 என்று போட்டு வந்தவற்றில் சாயம் மெல்லியது, சீக்கிரம் சூடேறும். அதில் 4எக்ஸில் லேசர் நெடுநேரம் நின்றால் அடையாளத்தின் ஓரம் கலங்கிப் போகலாம்.

இன்னொன்று, ஒவ்வொரு பிளாங்க் சிடியின் பள்ளத்திலும் தயாரிப்பாளர் குறியீடு பதிந்திருக்கும். டிரைவ் அதைப் படித்து, தனக்குள்ளேயே இருக்கும் மென்பொருளான ஃபர்ம்வேரில் அந்த சிடிக்கு என்று வைத்திருக்கும் லேசர் கணக்கை எடுத்துக்கொள்ளும். 52எக்ஸ் டிரைவில் அந்தக் கணக்கைச் செதுக்கியது பெரும்பாலும் நடு வேகங்களுக்கும் மேல் வேகங்களுக்கும்தான். நீங்கள் 4 என்று தேர்ந்தெடுத்தாலும் பல டிரைவ் தனக்குத் தெரிந்த குறைந்த வேகம் 8-க்கோ 16-க்கோ தாவிவிடும். அதனால்தான் நடு வேகத்தைச் சொல்கிறேன்.

ஊத்தங்கரை: 52எக்ஸில் எழுதினால் சிடி கெட்டுவிடுமா?

முதல் பதிலில் சொல்லியிருக்கிறேன்.

ஓசூர், அதே பொறியாளர்: ஸ்டுடியோக்காரர் சொல்வது பழைய பயம். இப்போது பஃபர் அண்டர்ரன் பாதுகாப்பு இருக்கிறதே, 52-ல் எழுதினால் என்ன?

சார், அந்தப் பாதுகாப்பு வேறு விஷயத்துக்கு. முன்பெல்லாம் ஹார்டு டிஸ்க்கில் இருந்து தகவல் வருவது ஒரு கணம் தடைப்பட்டாலும் லேசர் எழுத ஒன்றுமில்லாமல் நிற்கும், சிடி குப்பைக்குப் போகும். 2000 வாக்கில் சான்யோ 'பர்ன்-புரூஃப்' என்ற வசதியைக் கொண்டுவந்தது. தகவல் தீர்ந்தால் எழுத்தை நிறுத்தி, வந்ததும் விட்ட இடத்தில் தொடரும். மற்ற நிறுவனங்களும் வேறு வேறு பெயரில் அதையே வைத்தன. சிடியின் அதிர்வையோ அடையாளத்தின் தரத்தையோ அது கவனிக்காது.

உங்கள் பழைய டிரைவில் 52 போட்டும் எழுத்து நகரவில்லை என்றால் டிவைஸ் மேனேஜரில் டிஎம்ஏ என்ற வேகமான தகவல் முறை போய் பிஐஓ என்ற மெதுவான பழைய முறை ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். எக்ஸ்பியில் பிழைகள் சேர்ந்தால் அது தானாக பிஐஓவுக்கு இறங்கிவிடும். அந்த ஐடிஇ சேனலை அன்இன்ஸ்டால் செய்து ரீஸ்டார்ட் செய்தால் சரியாகும்.

பென்னாகரம், ஓய்வு பெற்ற ஆசிரியர்: எங்கள் ஊர்ப் பாரதக் கூத்தை விடிய விடிய ஒலிநாடாவில் பதிந்து வைத்திருக்கிறேன். ஆடியவர்களில் சிலர் இன்று இல்லை. சிடியில் ஏற்றினால் காலத்துக்கும் இருக்குமா?

ஐயா, இதை முதலில் செய்யுங்கள், மற்ற வேலையெல்லாம் அப்புறம். நாடா ஓடும் ஒவ்வொரு முறையும் தேயும். நல்ல டெக்கில் ஒரே ஒரு முறை ஓட்டி, கம்ப்யூட்டரில் 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் வேவ் கோப்பாகப் பதிந்துகொள்ளுங்கள். இரைச்சல் நீக்கும் வேலையை அந்த மூலக் கோப்பில் செய்யாதீர்கள். நகல் எடுத்து அதில் செய்யுங்கள். ஜால்ராவும் முகவீணையும் சேர்ந்து ஒலிக்கும் இடத்தில் இரைச்சல் நீக்கி பாட்டையே தின்றுவிடும்.

அப்புறம் இரண்டு வகையாக எழுத வேண்டும். கேட்பதற்கு ஆடியோ சிடி. சேமிப்புக்கு டேட்டா சிடி. இந்த வேறுபாட்டைப் பலர் கவனிப்பதில்லை. டேட்டா சிடியில் 2,048 பைட் தகவலுக்குப் பின்னால் பிழை திருத்தத்துக்கென்றே கூடுதல் பைட்டுகள் இருக்கும். ஆடியோ சிடியில் அந்த இடத்தையும் ஒலியே நிரப்பிக்கொள்ளும். கீறல் விழுந்தால் ஆடியோ சிடியை பிளேயர் பூசி மெழுகி ஓட்டிவிடும், போன ஒலி போனதுதான். அதனால் வேவை ஃபிளாக் கோப்பாகச் சுருக்கி டேட்டா சிடியில் வையுங்கள். ஃபிளாக்கில் ஒலி ஒரு துளியும் குறையாது. எம்பி3-ஆக மட்டும் வைத்துவிடாதீர்கள்.

ஆடியோ சிடி எழுதும்போது 'டிஸ்க்-அட்-ஒன்ஸ்' முறையைத் தேர்ந்தெடுங்கள். 'டிராக்-அட்-ஒன்ஸ்' என்றால் டிராக்குகளுக்கு நடுவில் இரண்டு விநாடி மௌனம் வந்துவிடும். கூத்தில் விருத்தம் முடிந்து அடவு எடுக்கும் இடத்தில் அப்படி அறுந்தால் கேட்கவே முடியாது. 60 நிமிட நாடாவுக்கு ஒரு சிடி என்று வையுங்கள், 80 நிமிடத்தையும் அடைக்க வேண்டாம். வேகம் 16. எழுதியதும் சரிபாருங்கள். ஆடியோ சிடியை முழுக்க ஒரு முறை ஓட்டிக் கேளுங்கள்.

காலத்துக்கும் இருக்குமா என்றால், சிடி ஒன்றை மட்டும் நம்பாதீர்கள். வேறு வேறு நிறுவனத்தின் சிடியில் இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள். ஹார்டு டிஸ்க்கில் மூன்றாவது பிரதி. வெயில் படும் அலமாரி கூடாது. நம் ஊரில் நல்ல பிளாங்க் சிடி கிடைப்பதும் குறைந்துவிட்டது. மோசர் பேர் 2018-ல் கலைப்புக்குப் போனது. கடையில் பழைய சரக்கு கிடைத்தால் ஒன்றிரண்டை எழுதிச் சோதித்த பிறகே பெட்டியாக வாங்குங்கள். ரைட்டர் இல்லையென்றால் கோப்புகளைக் கடைக்கு எடுத்து வாருங்கள், எழுதித் தருகிறேன்.

காவேரிப்பட்டணம், ஸ்டுடியோ வைத்திருப்பவர்: அப்படியானால் நான் 2001-ல் 4எக்ஸில் எழுதிய கல்யாண விசிடி இன்றும் ஓடுகிறதே, எப்படி? ஓசூர் சாருக்குக் கல்யாண வீடியோ கெட்டால் கேட்க வரும் ஜனங்களைத் தெரியாது.

ஓடும் அண்ணே. அது மெதுவான எழுத்துக்கென்றே செய்த சிடி, எழுதிய டிரைவும் அதற்கேற்றது. சரியான ஜோடி. ஓசூர் சார் சொல்லும் 52-ம் சரியில்லை, 2001-ன் 4எக்ஸை இன்றைய சிடியில் போடுவதும் சரியில்லை.

ஓடுவதை மட்டும் வைத்து சிடி நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிடவும் முடியாது. ஒவ்வொரு சிடியிலும் சின்னப் பிழைகள் இருக்கும், டிரைவ் அவற்றைத் திருத்திக்கொண்டே படிக்கும். சி1 என்பது எளிதாகத் திருந்தும் பிழை. சிடி தரநிலைப்படி அது பத்து விநாடிச் சராசரியில் விநாடிக்கு 220-ஐத் தாண்டக் கூடாது. சி2 அதைவிடக் கடுமையான பிழை. அது ஒன்று தெரிந்தாலே அந்த சிடியை உடனே வேறு சிடிக்கு மாற்ற வேண்டும். விசிடிக்கு இது இன்னும் முக்கியம். அதே சிடியில் 700 எம்பிக்குப் பதில் 800 எம்பி வரை விசிடி ஏறுவது, அதில் அந்தக் கூடுதல் பிழைதிருத்தம் இல்லாததால்தான். நீங்கள் எழுதிய பழைய விசிடிக்களை இந்த ஆண்டே ஹார்டு டிஸ்க்குக்கு மாற்றிவிடுங்கள்.

தேன்கனிக்கோட்டை: சார், எந்த ஸ்பீடில் ரைட் பண்ணலாம்?

16 அல்லது 24.

தருமபுரி, வக்கீல் குமாஸ்தா: சிசிடிவி காட்சியை சிடியில் கோர்ட்டில் கொடுக்க வேண்டும். சான்றிதழில் என்ன எழுதுவது?

சான்றிதழை உங்கள் வக்கீலிடமே கேளுங்கள். புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியம் 63-ஆம் பிரிவின் விஷயம் அது. படிவத்தில் ஹாஷ் மதிப்பு, அதாவது கோப்புக்குக் கைரேகை போன்ற எண், கேட்பார்கள். அதை சிடிக்கு ஏற்றும் முன்பே மூலக் கோப்பில் எடுத்துவிடுங்கள். எழுதிய பிறகு சிடியில் இருந்தும் எடுத்து ஒப்பிடுங்கள். சிடி-ஆர்டபிள்யூ வேண்டவே வேண்டாம், அழித்து எழுதலாம் என்ற கேள்வி வரும்.

பர்கூர்: 'பவர் கேலிப்ரேஷன் எர்ரர்' என்று வந்து எழுத மறுக்கிறது. மூன்று பிளாங்க் சிடி வீண். பக்கத்தில் கிரானைட் பாலிஷ் பட்டறை இருக்கிறது.

எழுதும் முன் டிரைவ் சிடியின் உள்விளிம்பில் லேசரைக் கூட்டிக் குறைத்துச் சோதிக்கும். அதில் சரியான அளவு கிடைக்காவிட்டால் இந்தச் செய்தி. மூன்று காரணம் இருக்கலாம்: லென்ஸில் தூசி, மட்டமான சிடி, களைத்துப்போன லேசர். உங்கள் ஊரில் முதலாவதைத்தான் நினைப்பேன். ரப்பர் பல்பால் லென்ஸ் மீது காற்று ஊதுங்கள். போகாவிட்டால் பஞ்சுக் குச்சியை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் லேசாக நனைத்து, அழுத்தாமல் துடையுங்கள். பிரஷ் ஒட்டிய கிளீனர் சிடியை 52எக்ஸ் டிரைவில் போடாதீர்கள், அந்தச் சுற்றில் பிரஷ் லென்ஸை அடித்துவிடும். வேறு நிறுவன சிடியிலும் இதே செய்தி வந்தால் லேசர் போய்விட்டது, டிரைவை மாற்றுங்கள்.

அரூர், கார் ஓட்டுநர்: அண்ணா, சிடி-ஆர்டபிள்யூவில் பாட்டு ஏற்றினேன், காரில் எடுக்கவில்லை.

சிடி-ஆர்டபிள்யூ ஒளியைத் திருப்பும் அளவு குறைவு, பழைய பிளேயருக்குக் கண் தெரியாது. சிடி-ஆரில் ஏற்றி செஷனை மூடுங்கள், அதாவது எழுதி முடித்தாயிற்று என்று மென்பொருளில் தேர்ந்தெடுங்கள். பிளேயரில் எம்பி3 என்று போட்டிருந்தால் ஒரே சிடியில் பன்னிரண்டு மணி நேரப் பாட்டு பிடிக்கும்.

ராயக்கோட்டை: சிடி மேல் அழகாகக் காகித ஸ்டிக்கர் ஒட்டலாமா?

ஒட்டாதீர்கள். ஒரு பக்கம் கனத்துவிட்டால் அந்தச் சுற்றில் சிடி தள்ளாடும், ஸ்டிக்கர் உரிந்து டிரைவுக்குள் சுற்றிக்கொள்ளும். பால்பாயிண்ட் பேனாவும் கூடாது. தகவல் இருப்பது அச்சுப் பக்கத்து அரக்குப் பூச்சுக்குச் சற்றுக் கீழேதான். பளபளக்கும் அடிப்பக்கத்தில் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் பிளாஸ்டிக் காவல் இருக்கிறது, மேலே அந்த மெல்லிய பூச்சு மட்டும்தான். சிடி மார்க்கரால் நடு வளையத்தில் எழுதுங்கள்.

ஓசூர் பொறியாளரும் காவேரிப்பட்டணம் ஸ்டுடியோக்காரரும் மாறி மாறி அனுப்பியதை முழுதாகப் போட இடமில்லை. ஒருவர் 52 என்கிறார், ஒருவர் 4 என்கிறார். இரண்டு பேரும் ஒரே பெட்டியில் இருந்து எடுத்த சிடிக்களைக் கொண்டு வாருங்கள். ஒரே கோப்பை ஒரே டிரைவில் குறைந்த வேகம், 16, 24, 52 என்று எழுதி, சி1, சி2 எண்ணிக்கையை இருவர் முன்னாலும் எடுத்துக் காட்டுகிறேன். உங்கள் பிராண்டில் வேறு வேகம் நன்றாக வந்தால் அதிலேயே எழுதுங்கள், எனக்கு மறுப்பில்லை.

கிருஷ்ணகிரி, குடும்பத் தலைவி: மகன் எழுதும்போது டிரைவுக்குள் படார் என்று சத்தம். இப்போது தட்டு திறக்கவில்லை.

அம்மா, சிடி உள்ளே உடைந்திருக்கும். நடுத்துளையில் மயிரிழை விரிசல் இருந்தால் இந்த வேகத்தில் சிதறிவிடும். கம்ப்யூட்டரை அணைத்து மின்சார வயரைக் கழற்றுங்கள். முகப்பில் குண்டூசித் துளை இருக்கும், நிமிர்த்திய கிளிப்பை நேராக உள்ளே அழுத்தினால் தட்டு கொஞ்சம் வெளியே வரும். துண்டுகள் கத்தி போல இருக்கும், பிள்ளைகளை எடுக்க விடாதீர்கள். பழைய டிரைவ் என்றால் சரிசெய்ய வேண்டாம், லென்ஸில் பொடி போயிருக்கும். புது டிரைவ் மாட்டிய பிறகு, சிடி போடும் முன் நடுத்துளையை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.