கிணறு இருக்கிறது, வாளி எங்கே?

கேள்வி: அக்கா, எங்களுடையது கோபி பக்கம் தோட்டத்து வீடு. நான், வீட்டுக்காரர், மாமியார், இரண்டு பிள்ளைகள். போன சித்திரையில் அடித்த சூறைக்காற்றில் வாழை எல்லாம் சாய்ந்து, கரண்ட் கம்பமும் முறிந்து, மூன்று நாள் இருட்டில் கிடந்தோம். போர் மோட்டார் ஓடவில்லை. பழைய கிணற்றில் தண்ணீர் இருந்தும் இறைக்க ஒரு வாளி இல்லை. போன் சார்ஜ் தீர்ந்துவிட்டது. மாமியாரின் இன்சுலின் ஃபிரிட்ஜுக்குள் சூடாகிக்கொண்டிருந்தது. அன்று பிடித்த பயம் இன்னும் போகவில்லை. யூடியூபில் பார்த்து, பால் காசில் 11,000 ரூபாய்க்கு ஆன்லைனில் ஒரு அவசரகாலப் பை வாங்கினேன். வீட்டுக்காரர் பிரித்துப் பார்த்துவிட்டு, "ஏம்புள்ள, பார்டருக்குச் சண்டைக்குப் போறமா? நம்மூருக்குப் புயல் வருமா, சுனாமி வருமா?" என்று சிரிக்கிறார். வீட்டுக்கு வருகிற பங்காளிகளிடமெல்லாம் அதை எடுத்துக் காட்டுகிறார். எது சொன்னாலும் "வரும்போது பாத்துக்கலாம்" என்பதுதான் பதில். இவரை எப்படி ஒத்துக்கொள்ள வைப்பது?
— பெயர் வேண்டாம், கோபிசெட்டிபாளையம்

பதில்:

அம்மிணி, முதலில் அந்தப் பையைப் பேசி முடித்துவிடுவோம். 11,000 ரூபாய் எத்தனை மாதப் பால் காசு என்று எனக்குத் தெரியும். உங்கள் காசு, நீங்கள் செலவழித்தீர்கள், சரி. ஆனால் பெட்டி வாசலுக்கு வந்த பிறகுதான் அவருக்கு விஷயமே தெரிந்திருக்கிறது. அவர் சிரிப்பில் பாதி அந்தப் பையைப் பார்த்து வந்தது, மீதி தன்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்பதில் வந்தது. பங்காளிகளுக்கெல்லாம் எடுத்துக் காட்டுகிறார் என்றால் மனதில் அது உறுத்திக்கொண்டே இருக்கிறது.

பையைப் பார்த்துச் சிரித்ததில் அவர் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. அந்த மாதிரிப் பைகளில் பளபளவென்று ஒரு அலுமினியப் போர்வை வைத்திருப்பார்கள். குளிரில் விறைத்துப்போகிறவர்களுக்கு அது உதவும். சித்திரை மாசம் கோபியில் அதைப் போர்த்தினால் ஆள் வெந்துபோவார். டார்ச்சையும் விசிலையும் எடுத்து வைத்துக்கொண்டு, மற்றதைத் திருப்பி அனுப்ப முடிந்தால் அனுப்பிவிடுங்கள். "உங்களைக் கேட்டிருக்கணும்" என்று ஒரு வரி சொல்லிவிட்டால் பாதிப் பஞ்சாயத்து அதிலேயே முடியும்.

அடுத்தது புயலும் சுனாமியும். கடல் நமக்கு ரொம்ப தூரம், அதில் அவர் சொல்வது சரி. ஆனால் 2018 ஆகஸ்டில் மேட்டூர் நிரம்பி உபரி நீர் வந்தபோது பவானி, குமாரபாளையம், பள்ளிபாளையம் கரையோரத் தெருக்களில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தது. சனம் பள்ளிக்கூடத்திலும் மண்டபத்திலும் போய்ப் படுத்தார்கள். 2022 ஆகஸ்டிலும் அதே கதை. 2019 டிசம்பர் 2 விடியற்காலை மேட்டுப்பாளையம் நடூரில் மழையில் சுவர் இடிந்து வீடுகள் மேல் விழுந்து 17 பேர் தூக்கத்திலேயே போனார்கள். இன்னும் பழைய கதை வேண்டுமென்றால், 1900 பிப்ரவரி 8ஆம் தேதி கோயமுத்தூர்ப் பக்கம் ஏறக்குறைய 6 அளவில் ஒரு பூகம்பமே வந்திருக்கிறது.

இதெல்லாம் நீங்கள் தெரிந்துகொள்வதற்காக எழுதினேன். ராத்திரிச் சாப்பாட்டில் அவர் தட்டில் கொண்டுபோய்க் கொட்டாதீர்கள். பயமுறுத்தி ஒரு கொங்கு நாட்டு ஆம்பளையை ஒத்துக்கொள்ள வைத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. அவர் இன்னும் இரண்டு பங்காளிகளைக் கூப்பிட்டு உட்கார வைத்துக்கொள்வார், அவ்வளவுதான்.

அதுவுமில்லாமல், அவர் முன்னேற்பாடு தெரியாத ஆள் என்று எனக்குத் தோன்றவில்லை. பால் காசு என்று எழுதியிருக்கிறீர்கள், ஆக மாடு இருக்கிறது. மாடு இருந்தால் சோளத்தட்டுப் போர் இருக்கும். அதை யாருக்காகப் போட்டு வைத்திருக்கிறார்? மழை ஏமாற்றிவிட்டால் மாடு பட்டினி கிடக்கக் கூடாது என்றுதானே? மோட்டார் ரூமில் போய்ப் பாருங்கள். மாற்று ஃபியூஸ் கம்பி, ஒரு கெபாசிட்டர், பழைய பெல்ட், கயிறு என்று ஒரு மூட்டையே கிடக்கும். மாட்டுக்கும் மோட்டாருக்கும் "வரும்போது பாத்துக்கலாம்" என்று அவர் சொல்வதில்லை. வீட்டுக்குள் இருப்பது உங்கள் பொறுப்பு, அதில் தனக்குச் சோலி இல்லை என்று விட்டுவிட்டார். பேச்சை அங்கிருந்து தொடங்குங்கள். "தட்டுப்போர் மாதிரி நமக்கும் மூணு நாளைக்கு ஏதாச்சும் வேணுமுங்க" என்றால் அவருக்கு அது அவருடைய பாஷை.

எங்கள் அப்பாரு வீட்டில் குதிர் நிறையக் கம்பு இருக்கும், அட்டாலியில் வத்தலும் கொள்ளும் இருக்கும். அதற்கு யாரும் அவசரகாலப் பை என்று பெயர் வைக்கவில்லை. கடை ஐந்து நிமிஷத்தில் வந்துவிடும் என்று நாம் ஆனபிறகு வழக்கம் போய்விட்டது. 2012இல் நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் கரண்ட் போனதையும், 2016 நவம்பரில் ஒரே ராத்திரியில் 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாமல் போனதையும், 2020 மார்ச்சில் ஊரே அடைந்து கிடந்ததையும் அவரும் பார்த்தவர்தான். அந்தச் சமயத்தில் உங்கள் வீட்டில் எது தட்டுப்பட்டது என்று அவரிடமே கேளுங்கள். நீங்கள் பட்டியல் போட வேண்டாம், அவர் சொல்லட்டும்.

என் வீட்டுக் கதை ஒன்று. நான்தான் எதற்கும் தயார் என்று நினைத்துக்கொண்டிருந்தவள். அலமாரியில் மெழுகுவத்தி, டார்ச், மருந்து டப்பா எல்லாம் அடுக்கி வைத்திருப்பேன். என் வீட்டுக்காரர் உங்களுடையவர் மாதிரியே கிண்டல் பேர்வழி. ஒரு நாள் ராத்திரி இரண்டு மணிக்கு கேஸ் வாடை. நான் எழுந்து, போகிற வழியில் லைட் சுவிட்சில் கையை வைக்கப் போனேன். அவர் பின்னாலிருந்து மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். சுவிட்ச் போட்டால் வருகிற ஒரு பொறி போதும், வீடே போயிருக்கும். இருட்டிலேயே தடவிப் போய் ரெகுலேட்டரை மூடினார், கதவு ஜன்னல் எல்லாம் திறந்துவிட்டார். கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும், அதனால் கதவைத்தான் முதலில் திறக்க வேண்டும் என்று அப்புறம் காப்பி குடிக்கும்போது விளக்கினார். (கசிவுக்கு 1906 என்று ஒரு எண் இருப்பதும் அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.) அடுக்கி வைத்திருந்த எனக்குத் தெரியாதது, சிரித்துக்கொண்டிருந்தவருக்குத் தெரிந்திருந்தது.

அதனால் பையைவிட எனக்குப் பெரிதாகப் படுவது இதுதான்: உங்கள் வீட்டைப் பற்றி அவருக்குத் தெரிந்த பாதி உங்களுக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரிந்த பாதி அவருக்குத் தெரியாது. மாமியாருக்குக் காலையில் எத்தனை யூனிட், ராத்திரி எத்தனை யூனிட் என்று அவரைக் கேட்டுப் பாருங்கள். முழிப்பார். ஊசி போட்டபின் சாப்பாடு தாமதமாகி, அம்மாவுக்கு வேர்த்துக் கொட்டி, கை நடுங்கி, பேச்சு குழறினால் அது சர்க்கரை இறங்குவது. நினைவு இருக்கும்போதே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியுமா? நினைவு தப்பிவிட்டால் வாயில் எதுவும் ஊற்றாமல் 108ஐக் கூப்பிட வேண்டும் என்று? நீங்கள் தாய்வீட்டுக்குப் போயிருக்கும் ஒரு நாளில் இது நடந்தால்?

இப்போது உங்கள் முறை. கரண்ட் போர்டில் எந்த ஃபியூஸ் எதற்கு? மின் இணைப்பு எண் என்ன? காற்றில் கம்பி அறுந்து தோட்டத்தில் கிடந்தால், மாடு அங்கே இருந்தாலும் கிட்டப் போகக் கூடாது, 94987 94987 மின்னகத்துக்குச் சொல்லி லைனை நிறுத்திய பிறகுதான் போக வேண்டும் என்பது பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறதா? பட்டா, நகைக்கடன் சீட்டு, காப்பீட்டு அட்டை எங்கே? இதையெல்லாம் இருவரும் உட்கார்ந்து ஒரே தாளில் எழுதி, சமையலறைக் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். காகிதங்களின் நகல் ஒரு செட் உங்கள் அம்மா வீட்டில் இருக்கட்டும்.

அந்தத் தாளில் மேலே எழுத வேண்டியது வழி. தோட்டத்து வீடுகளுக்குக் கதவு எண் சொல்லி ஆம்புலன்சை வரவைக்க முடியாது. மெயின் ரோட்டிலிருந்து எந்த வாய்க்கால் பாலம், எந்தக் கோயில், அங்கிருந்து இடப்பக்கமா வலப்பக்கமா, எத்தனை தென்னந்தோப்பு தாண்டி என்று நான்கு வரியில் எழுதுங்கள். பதற்றத்தில் நமக்கே நம் வீட்டு வழி வாயில் வராது. பெரிய பையனையோ பக்கத்துத் தோட்டத்துக்காரரையோ டார்ச்சோடு ரோட்டுக்கு அனுப்ப வேண்டும் என்பதையும் எழுதுங்கள். வயலும் வாழையுமான உங்கள் பக்கம் பாம்புக்கடிக்கு இந்த வழித்தாள் உயிரைக் காப்பாற்றும். கட்டுப் போடுவது, கீறுவது, மந்திரிக்கப் போவது எதுவும் வேண்டாம். காலை அசைக்காமல் வைத்து, விஷமுறிவு மருந்து இருக்கும் அரசு ஆஸ்பத்திரிக்கு நேராகப் போய்விடுங்கள். அது எந்த ஆஸ்பத்திரி என்று இன்றைக்கே விசாரித்து அதையும் அதில் சேருங்கள்.

இன்சுலின் விஷயம் உங்களை அதிகம் வதைத்திருக்கிறது, அதனால் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். திறந்து பயன்படுத்துகிற குப்பி 30 டிகிரிக்குக் கீழே ஏறக்குறைய நான்கு வாரம் தாங்கும். திறக்காததுதான் ஃபிரிட்ஜில் இருக்க வேண்டும். நம் சித்திரைக்கு 30 டிகிரி எங்கே இருக்கிறது என்கிறீர்கள். ஒரு மண்பானையில் பாதித் தண்ணீர் ஊற்றி, குப்பியை இறுக்கமாக மூடும் டப்பாவில் போட்டு அதற்குள் வைத்து, ஈரத்துணியால் மூடி, காற்றோட்டமான நிழலில் வையுங்கள். வெளியைவிடப் பானை நன்றாகவே குளிர்ந்திருக்கும். ஐஸில் மட்டும் வைக்காதீர்கள், உறைந்தால் மருந்து கெட்டுவிடும். உங்கள் மாமியாருக்கு எழுதிக் கொடுத்த டாக்டரிடம் அவருடைய மருந்துக்கு எத்தனை நாள் கணக்கு என்று அடுத்த முறை கேட்டுக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டுக்குப் புதிதாக எதையும் வாங்க வேண்டாம். அரிசி, பருப்பு, கொள்ளு, ராகி மாவு, நிலக்கடலை, நாட்டுச் சர்க்கரை எல்லாம் நீங்கள் எப்படியும் வாங்குவது, ஒரு வாரத்துக்கு முன்னால் வாங்கினால் போதும். அரிசிம்பருப்பு ஒரே குக்கரில் ஆகிவிடும், கேஸும் மிச்சம். இரண்டாவது சிலிண்டர் காலியாகக் கிடந்தால் உடனே பதிந்துவிடுங்கள். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர், ஐந்து பேருக்கு மூன்று நாள் 60 லிட்டர், அதாவது மூன்று 20 லிட்டர் கேன். அதைத் தாண்டி, பத்து, இருபது, ஐம்பது ரூபாய் நோட்டாக ஒரு 2,000 ரூபாய் டப்பாவில் இருக்கட்டும். டவர் போனால் கூகுள் பேயும் போச்சு.

அப்புறம், மாதா மாதம் பராமரிப்புக்கென்று காலையிலிருந்து சாயங்காலம் வரை கரண்ட் நிறுத்துவார்களே, தேதியை முன்கூட்டியே பேப்பரில் போட்டுவிடுவார்கள். அடுத்த முறை அது வரும்போது அதை ஒத்திகையாக்கிவிடுங்கள். முந்தின ராத்திரி எதையும் நிரப்பி வைக்காதீர்கள். சும்மா இருந்து, மத்தியானத்துக்குள் வீட்டில் எது நின்றுபோகிறது என்று பிள்ளைகளை ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். மாட்டுத் தொட்டி காலியானால் அவரே எழுந்துவிடுவார், நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை.

ஒன்றை மட்டும் ஒத்திகை வரை தள்ளிப்போட வேண்டாம். கிணற்றில் தண்ணீர் இருந்தும் வாளி இல்லை என்று எழுதியிருந்தீர்களே, அந்த வரியை நான் நான்கு தடவை படித்தேன். ஆயிரம் அடிக்குப் போர் போட்ட பிறகு இந்தப் பக்கம் முக்கால்வாசித் தோட்டத்தில் இதே நிலைமைதான். அந்தக் காலத்தில் எருதுகளைப் பூட்டிக் கவலை இறைத்த கிணறுகள் இவை. இப்போது நாம் மேலே நின்று கவலைப்பட்டுக்கொண்டிருக்கிறோம். அந்த வாழைக்காற்று மூன்று நாளில் உங்களுக்கு வேண்டியிருந்தது ஒரு இரும்பு வாளியும் ஒரு சகடையும் கயிறும்தான். குடிக்க எடுத்தால் கொதிக்கவைத்துக் குடியுங்கள்.

வருகிற சந்தையில் வாளியை நீங்களே வாங்கிவிடுங்கள். கயிறு எத்தனை அடி வேண்டும் என்பதை அவரைக் கேட்டு வாங்குங்கள். அந்தக் கிணற்றில் எந்த மாதத்தில் தண்ணீர் எந்தப் படி வரை இருக்கும் என்று அவருக்குத்தான் தெரியும்.