என் மெஷின்ல சரியா வர்ற தேதி கஸ்டமர் சர்வர்ல மாறிடுது, இன்வேரியன்ட் கல்ச்சர் போட்டா தீருமா?

பாதி தீரும். கல்ச்சர்னா தேதி, நம்பர எந்த நாட்டு வழக்கப்படி படிக்கணும், எழுதணும்னு சொல்ற செட்டிங்; இன்வேரியன்ட்னா எந்த மெஷின்லயும் மாறாத ஒண்ணு. நீங்க சி ஷார்ப் ப்ரோக்ராமுல டேட்டைம் பார்ஸ்னு (எழுத்தா வர்றத தேதியா மாத்துற கட்டளை) மட்டும் எழுதி கல்ச்சர் குடுக்காம விட்டிருப்பீங்க, அது ஓடுற மெஷினோட ரீஜன் செட்டிங்க எடுத்துக்கும். நான் பட்டுத் தெரிஞ்சிகிட்டது இது.

பினாங்குல பாயான் லெப்பாஸ் பக்கம் ஒரு ஃபேக்டரிக்கு சோல்டர் பேஸ்ட் (சர்க்யூட் போர்டுல பார்ட்ஸ ஒட்டுற ஈயப் பசை) எக்ஸ்பைரி பாக்குற சிஸ்டம் எழுதினேன். 2019 ஆகஸ்ட்ல சர்வர மாத்துனாங்க, பழசு மலேசியா செட்டிங், புதுசு அமெரிக்கா செட்டிங், எங்கிட்ட யாரும் மூச்சு விடல. ராத்திரி ரெண்டு மணிக்கு டெக்னீஷியன் அண்ணன் போன் பண்றாரு, "தம்பி, இப்பதான் ஃப்ரிட்ஜ்லேர்ந்து எடுத்தேன், டப்பால 03/11ன்னு இருக்கு, உன் சிஸ்டம் எக்ஸ்பையர்னு செவப்பு காட்டுது, லைன் நிக்குதுப்பா". அமெரிக்கா செட்டிங் மாசத்த முன்னாடி படிக்கும், அதனால நவம்பர் 3, மார்ச் 11 ஆயிடுச்சி. 12ஆம் தேதி வரைக்கும் இப்படி சத்தமில்லாம மாறும், 13லேர்ந்துதான் எரர் அடிக்கும். எனக்கு அதுவும் அடிக்கல, ஏன்னா எரர் வந்தா இன்னிக்கு தேதிய போட்டுக்கோன்னு எரர புடிக்கிற கேட்ச்சுல எழுதி வச்சதே நான்தான். சிரிக்கிறவங்க சிரிங்க, அன்னிக்கு டெட்லைன் அப்படி.

அவசரத்துல இன்வேரியன்ட் கல்ச்சர் போட்டேன், மறுபடியும் மார்ச்! அதுவும் மாசத்த முன்னாடி வைக்கிற ஆளுதான். சொன்ன வரிசையில மட்டும் படிக்கிற பார்ஸ் எக்ஸாக்ட் போட்டு, நாள் மாசம் வருஷம்னு வரிசைய நாமளே சொல்லி, கூடவே இன்வேரியன்ட்டும் குடுத்தப்புறம்தான் லைன் ஓடுச்சி.

"ஐஎஸ்ஓ 8601 வச்சா முடிஞ்சுதே"ன்னு கமெண்ட்ல வருவீங்க, தெரியும், நானும் இப்ப அந்த உலகத் தரப்படி வருஷம், மாசம், நாள் வரிசையில 2019-11-03னுதான் சேமிக்கிறேன். ஆனா கல்ச்சர் குடுக்காம அதே ஃபார்மேட்ட தாய்லாந்து செட்டிங்ல ஓட்டிப் பாருங்க, புத்த வருஷத்துல 2562-11-03னு எழுதி வைக்கும். ஸ்க்ரீன்ல மனுஷங்களுக்குக் காட்டுறப்ப மட்டும் அவங்கவங்க கல்ச்சர விடுங்க.

இன்னொன்னு, ஃபார்மேட்ல நீங்க போடுற சாய்கோடு சாய்கோடாவே வரும்னு நம்பாதீங்க, ஜெர்மன் செட்டிங்ல புள்ளியாயிடும். சாய்கோடுன்னதும் வயிறு எரியுது. ஐசில, அதாவது மலேசிய அடையாள அட்டைல, என் பேருக்கு நடுவுல ஏ/எல் (இன்னாரோட மகன்னு அர்த்தம், மகளுக்கு ஏ/பி) இருக்கு, டிக்கெட் போடுற சைட்டுங்க அத தப்பான எழுத்துங்குது, எடுத்துட்டுப் போட்டா கவுண்டர்ல ஐசி மாதிரி இல்லையேங்குறாங்க. இந்த நாட்டுல உக்காந்து ஃபார்ம் எழுதுறவனுக்கு ஏ/எல், ஏ/பி தெரியாதா? போன மாசம் ஒரு மெயில் வந்துச்சி, "அன்புள்ள திரு ஏஎல்"னு.