விக்கி தளத்தை இயக்கும் மென்பொருளான மீடியாவிக்கியைப் புது சர்வருக்கு மாற்றியதும் தமிழ் எழுத்துகள் சிதைந்து தெரிகின்றன. என்ன செய்வது?

ஒவ்வொரு தமிழ் எழுத்தும் மூன்று மூன்று கிறுக்கல் குறிகளாகத் தெரிகிறதா? பயப்படாதீர்கள், தகவல் அழியவில்லை. எல்லா மொழி எழுத்துகளையும் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 3 பைட். பழைய விக்கிகள் பலவற்றில் டேட்டாபேஸ் அட்டவணை 'லத்தீன்1' (மேற்கு ஐரோப்பிய எழுத்துகளுக்கான பழைய முறை) என்று குறிக்கப்பட்டிருக்கும். உள்ளே இருப்பதோ யூடிஎஃப்-8. டம்ப் (டேட்டாபேஸின் நகல் கோப்பு) எடுக்கும் கருவி அந்தக் குறிப்பை நம்பி, சரியாக இருப்பதை இன்னொரு முறை மாற்றிவிடுகிறது.

புது சர்வரில் ஒட்டுப்போட வேண்டாம். பழைய சர்வரில், டம்ப் கட்டளையின் டீஃபால்ட் கேரக்டர் செட்டை (எந்த எழுத்து முறை என்று சொல்லும் அமைப்பை) லத்தீன்1 என்று கொடுத்து மறுபடி எடுத்து, காலி டேட்டாபேஸில் ஏற்றுங்கள். எழுத்துகள் வெறும் கேள்விக்குறிகளாகச் சேமிக்கப்பட்டிருந்தால் அந்தப் பிரதி தேறாது. அதனால்தான் பழைய சர்வரை இப்போதைக்கு நிறுத்தாதீர்கள் என்கிறேன்.

அப்புறம், படங்கள் டேட்டாபேஸில் இருக்காது. இமேஜஸ் ஃபோல்டரைத் தனியாக நகலெடுங்கள். மீடியாவிக்கி பதிப்பும் மாறியிருந்தால் டேட்டாபேஸைப் புதுப் பதிப்புக்கு ஏற்ப மாற்றும் அப்டேட் ஸ்கிரிப்டை ஓட்டுங்கள்.