தம்பி மாறிவிட்டானா?

கேள்வி: அப்பாவின் இரண்டாம் வருஷத் திதிக்குத் தம்பி வரவில்லை. ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் சூப்பர்வைசராக இருக்கிறான். "ஆள் பற்றாக்குறை, லீவு கிடைக்கலக்கா" என்று முந்தின நாள் ராத்திரி போன் செய்தான். பெற்ற பிள்ளை இருக்க, சித்தப்பா மகன் மணையில் உட்கார்ந்து எள்ளும் தண்ணீரும் இறைத்தான். போன வருஷம் வந்து இரண்டு நாள் இருந்தவன்தான். அம்மா என்னோடு இருக்கிறார். அவருக்கு அவனாகப் போன் செய்வதே இல்லை. நான் போட்டுக் கொடுத்தால் இரண்டு வார்த்தை பேசுவான். கல்யாணத்துக்கு அப்புறம் சுயநலக்காரனாக மாறிவிட்டான். அவன் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு நான் போகாததை மட்டும் மறக்கவில்லை. மறுநாள் என் மகளுக்குப் பிளஸ் டூ செய்முறைத் தேர்வு, எப்படிப் போக முடியும்? "அக்காவுக்குப் பொறாமை" என்று உறவில் சொல்லியிருக்கிறான். அடுத்த மாதம் அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன். இனி அவனோடு பேச்சே வேண்டாம் என்று விட்டுவிடலாமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கரூர்

பதில்: பேச்சை நிறுத்த வேண்டாம். உங்கள் பார்வையில், கிரகப்பிரவேசத்துக்கு நீங்கள் போகாததற்கு மகளின் தேர்வு காரணம். திதிக்கு அவன் வராததற்கு அவன் குணம் காரணம். அவன் பக்கத்தில் இது அப்படியே தலைகீழ்: அவனுக்கு லீவு கிடைக்கவில்லை, உங்களுக்குப் பொறாமை. இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. உங்கள் வீட்டில் அன்று என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். தொழிற்சாலையில் நடந்தது தெரியாது. உங்கள் கண்ணில் பட்டது, அவன் உட்கார வேண்டிய மணையில் வேறொருவன் உட்கார்ந்திருந்தது மட்டும்தான்.

அவசரம் மனிதனை என்ன செய்யும் என்பதற்கு, 1973-இல் டார்லி, பேட்சன் என்ற இரண்டு உளவியலாளர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வைச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரி மாணவர்களை ஒரு கட்டடத்திலிருந்து இன்னொரு கட்டடத்துக்குப் போய்ப் பேசச் சொன்னார்கள். வழியில் ஓர் ஆள் சுருண்டு கிடந்து இருமிக்கொண்டிருந்தான். நேரம் இருக்கிறது என்று சொல்லி அனுப்பியவர்களில் 63 சதவீதம் பேர் உதவினார்கள். தாமதமாகிவிட்டது, ஓடு என்று அனுப்பியவர்களில் 10 சதவீதம்தான். இத்தனைக்கும் பாதிப் பேர் பேசப் போனது, வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய, பைபிள் கதையில் வரும் நல்ல சமாரியனைப் பற்றி! கடந்து போனவர்களைத் தூரத்திலிருந்து பார்த்திருந்தால் கல்நெஞ்சக்காரர்கள் என்றுதான் நாமும் சொல்லியிருப்போம்.

இப்படிச் சூழ்நிலையையும் சேர்த்துப் பார்ப்பது நம் ஊருக்குப் புதிதல்ல. ஜோன் மில்லர் என்ற உளவியலாளர் 1984-இல் வெளியிட்ட ஆய்வில், மைசூர்க்காரர்களையும் சிகாகோக்காரர்களையும் பிறர் செய்த காரியங்களுக்குக் காரணம் சொல்லச் சொன்னார். மைசூரில் கிடைத்த ஒரு சம்பவம் இது: மோட்டார் சைக்கிள் விபத்தில் பின்னால் இருந்தவருக்குத் தலையில் அடி. ஓட்டிய வக்கீல் அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, டாக்டரிடம் எதுவும் கேட்காமல் கோர்ட்டுக்குப் போய்விட்டார். அடிபட்டவர் இறந்துபோனார். வக்கீல் பொறுப்பில்லாதவர் என்றது அமெரிக்கத் தரப்பு. நம்மவர்களோ, கோர்ட்டுக்குப் போக வேண்டிய கடமை அவருக்கு இருந்தது, பதற்றத்தில் இருந்திருப்பார், காயம் அவ்வளவு மோசமாகத் தெரிந்திருக்காது என்று யோசித்தார்கள். முன்பின் தெரியாத வக்கீலுக்குக் கொடுக்க முடிந்த இடத்தைக் கூடப் பிறந்தவனுக்குக் கொடுக்க மனம் வராததற்குக் காரணம், அவன் மேல் இருக்கிற எதிர்பார்ப்பும் வருத்தமும்தான்.

அதற்காக எல்லாவற்றையும் சூழ்நிலை மேல் போட்டுவிடச் சொல்லவில்லை. ஒருவர் செய்ததற்குக் குணம் காரணமா, சூழ்நிலை காரணமா என்று பார்க்க, ஹரால்டு கெல்லி என்ற உளவியலாளர் 1967-இல் சொன்ன வழி ஒன்று இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்தது. அதே நிலையில் மற்றவர்களும் அப்படித்தான் செய்வார்களா? இவன் எல்லா இடத்திலும் இப்படியா, இங்கே மட்டும்தானா? எப்போதுமே இப்படியா, இந்தத் தடவை மட்டுமா? திதியை இதில் வைத்துப் பாருங்கள். போன வருஷம் வந்திருக்கிறான். இந்தத் தடவை ஆள் இல்லை என்கிறான், முந்தின நாளாவது சொல்லியிருக்கிறான். சுயநலம் என்று தீர்ப்பு எழுத இது போதாது.

ஆனால் அம்மாவுக்குப் போன் செய்யாதது வேறு விஷயம். அது ஒரு நாள் கதை இல்லை, எந்த ஷிஃப்டும் அதற்குக் குறுக்கே நிற்காது. இதில் உங்கள் கோபம் நியாயமானது. அப்போதும் இரண்டாவது கேள்வியைக் கேளுங்கள்: அவன் யாருக்குமே போன் செய்யாத ஆளா, அம்மாவுக்கு மட்டும்தான் செய்வதில்லையா? அம்மாவுக்கு மட்டும் என்றால், அவர்களுக்குள் ஏதோ இருக்கிறது. அப்பா பேச்சு வந்துவிடும் என்று பயந்தே அம்மாவிடம் பேசாத பிள்ளைகள் உண்டு. உங்கள் தம்பி அப்படியா என்பதை அவனிடம் கேட்டால்தான் தெரியும்.

இன்னொன்று. "கல்யாணத்துக்கு அப்புறம்" என்று எழுதியிருக்கிறீர்கள். அவன் மனைவியைப் பற்றிக் கடிதத்தில் வேறு ஒரு வரிகூட இல்லை. அந்தப் பெண் என்ன செய்தாள், எதைத் தடுத்தாள் என்று எதுவுமே இல்லாமல் குற்றம் அவள் தலையில் விழுந்திருக்கிறது. நம் வீடுகளில் வாய் தவறி வருகிற வார்த்தைதான், ஆனால் அநியாயம். அம்மாவிடமும் அதைச் சொல்லாதீர்கள்.

"பொறாமை" என்ற பேச்சை மனதில் வைத்துக்கொண்டு குமைய வேண்டாம். அவனுக்கு லீவு இருக்கிற நாளாகப் பார்த்துக் கூப்பிடுங்கள். "ஏன்டா வரல?" என்று ஆரம்பிக்காமல், "அன்னைக்கு ஃபேக்டரியில என்ன ஆச்சு?" என்று கேட்டு முழுசாகக் கேளுங்கள். அப்புறம், "பாப்பாவுக்கு மறுநாள் பிராக்டிகல்டா, அதான் வரல. நீ பொறாமைன்னு சொன்னது எனக்கு வலிச்சுது" என்று உங்கள் பக்கத்தையும் சொல்லிவிடுங்கள்.

கண்புரை ஆபரேஷன் பொதுவாக நாள் பார்த்துச் செய்துகொள்ளக்கூடியதுதான். டாக்டரிடம் இரண்டு மூன்று தேதி கேட்டு வாங்கி, ஷிஃப்ட் போடுவதற்கு முன்பே அவனிடம் கொடுத்து, எது தோது என்று கேளுங்கள். அம்மாவுக்குச் சொட்டு மருந்து விட, கூட இருக்க, யாருக்கு எந்த நாள் என்று அப்போதே பேசிக்கொள்ளுங்கள். தேதியை அம்மாவுக்கு அவனே போன் செய்து சொல்லட்டும்.