அரிவாள்மனையை ஒளித்துவைத்த அம்மாவுக்கு

கடிதத்தின் கடைசி வரியில் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கே முதலில் பதில் சொல்கிறேன். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், நீங்கள் குழந்தையை வெட்டப் போகிறவர் இல்லை.

மூன்று மாதக் குழந்தை மடியில் இருக்கும்போது அரிவாள்மனை கண்ணில் பட்டால் "எடுத்து வெட்டிவிட்டால்?" என்று தோன்றுகிறது, உடம்பே நடுங்கிப்போகிறது. அதனால் அரிவாள்மனையை மாடிவீட்டுக்குக் கொடுத்தனுப்பிவிட்டீர்கள். குழந்தையை மாமியார் குளிப்பாட்டுகிறார். "நான் ஒன்றும் செய்துவிட மாட்டேனே?" என்று கணவரிடம் நாளுக்குப் பத்துத் தடவை கேட்கிறீர்கள். புதிதாகத் தாயானவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இப்படி ஒரு எண்ணம் வந்துபோகிறது. யாரும் வெளியே சொல்வதில்லை, அவ்வளவுதான். உங்களுக்கு வந்தது போகாமல் உட்கார்ந்துவிட்டது. வேண்டாத எண்ணமும், அதை அடக்கத் திரும்பத் திரும்பச் செய்வதும் விடாமல் சுற்றும் ஓ.சி.டி. என்ற மனநோய் இப்படித்தான் இருக்கும்.

"மூளையில் சர்க்யூட் கோளாறு" என்று போனில் படித்துவிட்டு மூளையே கெட்டுப்போனதாக முடிவு கட்டியிருக்கிறீர்கள். நடப்பது வேறு. கண்களுக்கு மேலே இருக்கும் முன்மூளைப் பகுதி "ஏதோ தப்பு" என்று குரல் கொடுக்கும். எதை விடுவது, எதை அடக்குவது என்பதில் உள்ளே இருக்கும் காடேட் என்ற பகுதிக்குப் பங்கு உண்டு. தப்பி வந்த குரல் தாலமஸ் என்ற நடுப்பகுதி வழியாக முன்மூளைக்கே திரும்பும். நம் ரங்கூன் டீக்கடையை நினைத்துக்கொள்ளுங்கள். பையன் "ஒரு டீ!" என்று கத்துகிறான். உள்ளே இருப்பவர் "ஆச்சு" என்றால் தீர்ந்தது. அவரும் சேர்ந்து பதறினால் இரண்டு பேரும் மாறி மாறிக் கத்திக்கொண்டே இருப்பார்கள், ஒரே டீக்கு.

அரிவாள்மனையை ஒளித்ததும் ஐந்து நிமிஷம் நிம்மதி கிடைத்திருக்கும். ஒளித்ததால்தான் குழந்தை பிழைத்தது என்று மூளை அதற்குள் கற்றுக்கொண்டுவிடும். அடுத்த தடவை இன்னும் உரக்கக் கத்தும். கணவரிடம் கேட்பதும் இதே கணக்குதான். பாவம், அவர் ஆறுதல் சொல்லச் சொல்ல அது வளர்கிறது.

இது அடங்கக்கூடியது. 1992இல் அமெரிக்காவில் லூயிஸ் பாக்ஸ்டர் குழுவினர் ஓ.சி.டி. உள்ளவர்களின் மூளையை ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். மாத்திரையில் தேறியவர்களுக்கும் சரி, மாத்திரை இல்லாமல் நடத்தைப் பயிற்சியில் தேறியவர்களுக்கும் சரி, காடேட்டின் இயக்கம் தணிந்திருந்தது. பயப்படும் பொருளை விட்டு ஓடாமல், ஒளிப்பது, திரும்பத் திரும்பக் கேட்பது போன்ற சடங்கும் செய்யாமல், படிப்படியாகப் பழகுவதுதான் அந்தப் பயிற்சி. மாத்திரை தேவைப்பட்டால், ஓ.சி.டி.க்குக் கொடுக்கும் செர்ட்ராலின் தாய்ப்பாலில் மிகக் குறைவாகவே போகும். ஆனால் முழுப் பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகலாம்.

நீங்கள் கேட்ட மற்றவை: முடி கொட்டுவது பிரசவத்துக்குப் பின் இந்த மாதங்களில் வழக்கம், விடுங்கள். கை மரத்துப்போவது பயத்தில் மூச்சை வேகமாக இழுப்பதால் வருவதாக இருக்கலாம். குழந்தை எடை ஏறுகிறது என்றால் பால் போதும்.

எனக்குக் கோபம் வந்தது அல்ப்ரஸோலம் என்ற பதற்ற மாத்திரை பற்றிப் படித்தபோதுதான். கடைக்காரர் கொடுத்தார் என்று மூன்று வாரமாக ராத்திரிதோறும் சாப்பிடுகிறீர்கள். அது பாலில் போகும், குழந்தைக்கு அசதி வரலாம், உங்களுக்குப் பழக்கமாகிவிடும். திடீரென்று நிறுத்தினாலும் ஆபத்து. இந்த வாரமே மருத்துவரைப் பார்த்து அவர் சொல்படி குறையுங்கள். அதுவரை அதைச் சாப்பிட்டுவிட்டுக் குழந்தையைப் பக்கத்தில் போட்டுத் தூங்காதீர்கள்.

இதை மட்டும் கணவரும் மாமியாரும் படிக்கட்டும். இப்போது அந்த எண்ணம் உங்களைப் பதறவைக்கிறது. என்றைக்காவது அந்தப் பதற்றம் போய், அது நியாயம் என்று தோன்றினால், அது வேறு நோய். குழந்தைக்குள் ஏதோ புகுந்திருக்கிறது என்று சொல்வது, யாரோ கட்டளையிடும் குரல் கேட்பது, இரண்டு மூன்று நாள் தூங்காமலே களைப்பில்லாமல் சுற்றுவது, பேச்சு குழம்புவது எல்லாம் அதன் அடையாளங்கள். ஆயிரம் பிரசவத்தில் ஒன்றிரண்டு பேருக்கு வரும், பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்தில். பிறகும் வரலாம். வந்தவருக்கே தெரியாது. குழந்தையையும் தாயையும் தனியே விடாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும். பீலிக்கான் முனீஸ்வரருக்கு வேண்டிக்கொள்வதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

மனநல மருத்துவர் என்றாலே யுவாதாஜி மனநல ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவார் என்று பயப்படுகிறீர்கள். நீங்கள் எழுதியிருக்கும் நிலைக்குப் பெரும்பாலும் வீட்டிலிருந்தபடியே சிகிச்சை. வாய்விட்டுச் சொல்லக் கூச்சமாக இருந்தால் எனக்கு எழுதிய கடிதத்தையே அவரிடம் நீட்டுங்கள். மாடிவீட்டிலிருந்து அரிவாள்மனையை எப்போது திரும்ப வாங்கலாம் என்று அவர் சொல்வார்.