ஃப்ரீசரில் ஒரு வாரச் சமையல் – கடிதம்

வணக்கம் அக்கா,

நாங்கள் பெங்களூர் ராமமூர்த்தி நகரில் இருக்கிறோம். எனக்கும் கணவருக்கும் ஒயிட்ஃபீல்டு பக்கம் வேலை. காலை ஏழரைக்குக் கிளம்பினால் வீடு திரும்ப எட்டாகிவிடும். பள்ளிக்குப் போகிற பிள்ளைகள் இரண்டு பேர். ஞாயிற்றுக்கிழமையே ஒரு வாரத்துக்குச் சமைத்து ஃப்ரீசரில் வைத்துவிடலாம் என்று ஆரம்பித்தேன். சாம்பாரில் போட்ட உருளைக்கிழங்கு நறநறவென்று ஆகிவிட்டது. புடலங்காய்க் கூட்டு தண்ணீராய் ஓடியது. கும்பகோணத்திலிருந்து வந்திருக்கும் அத்தை, "பிள்ளைகளுக்குப் பழசைப் போட்டு வளக்கிறியேம்மா" என்று வருத்தப்படுகிறார். ஞாயிறு முழுக்க நின்று நின்று எனக்கும் முதுகு விட்டுப்போகிறது. இது உடம்புக்குக் கெடுதலா? சத்தெல்லாம் போய்விடுமா? அத்தையிடம் என்ன சொல்வது?

ஒரு வாசகி, பெங்களூர்

அன்புள்ள தங்கைக்கு,

கெடுதல் இல்லை. சீக்கிரம் ஆறவைத்து, நன்றாக உறையவைத்து, மறுபடி தளதளவென்று கொதிக்கவிட்டுச் சாப்பிட்டால் பயப்பட ஒன்றுமில்லை. சத்தும் பெரிதாகப் போகாது. வைட்டமின் சி போன்றவை வேகவைக்கும்போதுதான் அதிகம் குறைகின்றன. ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் நாலைந்து நாள் வாடிக்கிடக்கும் பீன்ஸைவிட, வாங்கிய அன்றே உறையவைத்த பீன்ஸ் மேல்.

நீங்கள் செய்வதில் ஒன்றை மட்டும் மாற்றச் சொல்வேன். சமையலை முழுக்க முடித்துவிட்டு உறையவைக்கிறீர்கள். முடிக்காமல் வையுங்கள்.

நம் சமையலில் நேரத்தைத் தின்பது எது என்று பாருங்கள். பருப்பு வேகவைப்பது, தேங்காய் துருவுவது, கொண்டைக்கடலையை இரவே ஊறப்போடுவது, வெங்காயம் தக்காளியைப் பொறுமையாகச் சுருள வதக்குவது. இதெல்லாம் ஃப்ரீசரை நன்றாகத் தாங்கும். சாப்பாட்டுக்கு உயிர் கொடுப்பதோ கடைசி ஐந்து நிமிடம். கடுகு வெடிப்பது, பெருங்காயம் பொரிவது, கறிவேப்பிலை, கொத்தமல்லி. அந்த ஐந்து நிமிடத்தை அன்றன்றைக்கே செய்யுங்கள். புதன்கிழமை இரவு எட்டேகாலுக்கு வெந்த பருப்பு கையில் இருந்தால், முருங்கைக்காயைப் புளித்தண்ணீரில் வேகவிட்டு, பருப்பைச் சேர்த்துத் தாளித்து இறக்க அரைமணி போதும். அது அன்று வைத்த சாம்பார்தான், பழசு இல்லை.

உருளைக்கிழங்கு கெட்டதற்குக் காரணம் உங்கள் கைப்பக்குவம் இல்லை. வீட்டு ஃப்ரீசர் மெதுவாகத்தான் உறையவைக்கும். மெதுவாக உறைந்தால் காய்க்குள் இருக்கும் நீர் பெரிய பெரிய ஐஸ் துகளாகி, உள்ளே இருக்கும் சுவர்களைக் கிழித்துவிடும். உருகும்போது நீர் ஒரு பக்கம், சக்கை ஒரு பக்கம். புடலை, சுரை, பூசணி, வெள்ளரி எல்லாவற்றுக்கும் இதே கதிதான். அவித்த முட்டையின் வெள்ளை ரப்பராகும், தயிர் சேர்த்த மோர்க்குழம்பு திரிந்துபோகும். இவற்றை ஃப்ரீசர் பக்கமே கொண்டுபோக வேண்டாம். பாக்கெட் தட்டையாக இருந்தால் சீக்கிரம் உறையும். வெந்த பருப்பை மசித்து, ஜிப் வைத்த கவரில் ஒரு வேளைக்கு வேண்டிய அளவு ஊற்றி, காற்றை வெளியேற்றி, ஒரு தட்டின் மேல் விரல் தடிமனுக்குப் படுக்கவையுங்கள். உறைந்தபின் புத்தகம் மாதிரி நிறுத்தி அடுக்கிக்கொள்ளலாம். எவர்சில்வர் டப்பாவும் நல்லதுதான். ஆனால் விளிம்புவரை ஊற்றாதீர்கள், தண்ணீர் உறைந்தால் கிட்டத்தட்ட ஒன்பது சதவீதம் விரியும்.

பெங்களூரில் இருந்துகொண்டு பிதுக்கு பருப்பைச் சொல்லாமல் விட முடியுமா? டிசம்பர், ஜனவரியில் ஊரே அவரைக்காய், அதாவது நம் பச்சை மொச்சை, வாசனையில் கிடக்கும். அதற்கென்றே வி.வி.புரம் பக்கம் மேளா நடத்துகிற ஊர் இது. உரித்த கொட்டையை ஊறவைத்து, இரவு டிவி பார்த்துக்கொண்டே எல்லோரும் சுற்றி உட்கார்ந்து பிதுக்கினால், தோல் ஒரு பக்கம் வழுக்கிப்போக, பச்சைப் பருப்பு கிண்ணத்தில் துள்ளி விழும். அதைக் கொதிநீரில் இரண்டு நிமிடம் போட்டு, உடனே குளிர்ந்த நீருக்கு மாற்றி, ஈரம்போகத் துணியில் பரப்பி உலர்த்தி ஃப்ரீசரில் வையுங்கள். நிறமும் சுவையும் மங்காமல் ஏப்ரல் வரைக்கும் குழம்புக்கு வரும். பச்சைப் பட்டாணிக்கும் இதே முறைதான். அப்புறம் இட்லி. இந்த ஊர்க் குளிரில் மாவு பொங்குவதே பாடு. பொங்கிய அன்று கூடுதலாக இரண்டு ஈடு ஊற்றி, ஆறினதும் உறையவைத்துக்கொள்ளுங்கள். மாவை உறையவைப்பதைவிட இட்லியை உறையவைப்பதே மேல். பத்து நிமிட ஆவியில் பூவாய் வந்துவிடும்.

ஒரு விஷயத்தில் மட்டும் அலட்சியம் கூடாது. ஃப்ரீசர் கிருமியைக் கொல்லாது, நிறுத்தித்தான் வைக்கும். எனவே அதற்கு முந்தைய இரண்டு மணி நேரம் முக்கியம். அடுப்பிலிருந்து இறக்கிய பெரிய பாத்திரத்தை மேடையிலேயே விட்டுவிட்டுத் தூங்கப்போகக் கூடாது. அகலமான தட்டுகளில் பிரித்து ஊற்றியோ, பாத்திரத்தைக் குளிர்ந்த தண்ணீரில் நிறுத்தியோ ஆறவைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே வைத்துவிடுங்கள். சோற்றுக்கு இன்னும் கவனம் வேண்டும். அதில் ஒருவகைக் கிருமியின் வித்துகள் வெந்தபின்னும் உயிரோடிருக்கும். வெளியில் கிடந்தால் அவை முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்கும். திரும்பச் சூடுபண்ணினாலும் அந்த நஞ்சு போகாது. குக்கரில் இருபது நிமிடத்தில் ஆகிற சோற்றை உறையவைக்க வேண்டிய அவசியம் எனக்குத் தெரியவில்லை. அன்றன்றைக்கு வடித்துக்கொள்ளுங்கள்.

ஃப்ரீசர் மைனஸ் 18 டிகிரியில் இருக்க வேண்டும். இரட்டைக் கதவுப் பெட்டியில் பெரும்பாலும் இருக்கும், அதில் வெந்த பருப்பும் வதக்கிய மசாலாவும் இரண்டு மாதம் தாராளமாக நிற்கும். ஒற்றைக் கதவுப் பெட்டிக்குள் இருக்கிற சின்ன ஐஸ் அறை பல வீடுகளில் அவ்வளவு குளிராது. உங்களுடையது அதுவானால் ஒன்றிரண்டு வாரத்துக்கு மேல் வைக்காதீர்கள். உருகவைப்பது மேடையில் இல்லை, முந்தின இரவே கீழ்த்தட்டில். வெளியில் வைத்து உருகியதைத் திரும்ப உறையவைக்க வேண்டாம். கோடை மழையில் கரண்ட் போனால் கதவைத் திறக்காதீர்கள். நிறைந்த ஃப்ரீசர் சுமார் 48 மணி நேரம் தாங்கும், பாதி நிறைந்தது 24. ஊருக்குப் போகும்போது ஒரு டம்ளர் தண்ணீரை உறையவைத்து, மேலே ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துவிட்டுப் போங்கள். திரும்பி வரும்போது நாணயம் அடியில் கிடந்தால் எல்லாம் உருகி மறுபடி உறைந்திருக்கிறது என்று அர்த்தம். யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.

அத்தைக்கு வருவோம். அவர் பயத்தை நான் குறைசொல்ல மாட்டேன். தஞ்சை வெயிலில் மதியம் வைத்த குழம்பு இரவுக்குள் ஊசிப்போகும். முகர்ந்து பார்த்துக் கொட்டத் தெரிந்த பெண்கள்தான் பிள்ளைகளைக் காப்பாற்றி வளர்த்தார்கள். ஆனால் சேர்த்துவைப்பதும் அவர்கள் கற்றதுதானே? சித்திரை வெயிலில் வற்றல், வடகம், வருடம் முழுக்க ஊறுகாய், ஊருக்குப் போகும்போது புளிக்காய்ச்சல். வெயில் ஈரத்தை உறிஞ்சிக் கிருமியைப் பட்டினி போடுகிறது. ஃப்ரீசர் அதே ஈரத்தைக் கட்டியாக்கிக் கிருமிக்கு எட்டாமல் செய்கிறது. இதை வாயால் சொல்லி வாதாடாதீர்கள். அவர் பக்கத்தில் நிற்கும்போது தாளித்துக் கொட்டி, முதல் கரண்டியை அவர் இலையில் ஊற்றுங்கள். புளிக்காய்ச்சலுக்குப் பக்குவம் கேளுங்கள். அவருக்குத் தெரிந்த சேமிப்பும் உங்கள் வீட்டு வாரக் கணக்கில் சேரட்டும்.

முதுகுவலி என்றும் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் கணவர் அடுப்படிக்குள் வருகிற வரி ஒன்றுகூட இல்லை. ஞாயிறு முழுக்க ஒருத்தி நின்று வாரத்தைக் காப்பாற்றுகிற ஏற்பாடு நிலைக்காது. செவ்வாய்க்கிழமை பருப்பு வைக்கும்போதே இரண்டு மடங்கு வையுங்கள், ஞாயிறு தானாகக் குறையும். ஆறினதைக் கவரில் அடைப்பது, தேதி எழுதி ஒட்டுவது, நாளைக்கு வேண்டியதை இரவே கீழ்த்தட்டுக்கு இறக்குவது மூன்றும் அவர் வேலையாகட்டும். தேதி எழுத மூத்த பிள்ளையையும் சேர்த்துக்கொள்ளலாம்.

இந்த வாரம் வெந்த துவரம்பருப்பும் துருவின தேங்காயும் மட்டும் வைத்துப் பாருங்கள். அது பழகினதும் கொண்டைக்கடலை. இட்லிக்கு என்ன ஆயிற்று என்று மறக்காமல் எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா