ஹிண்டமித் சிம்ஃபனி: ஆல்டோ சாக்ஸ் தடுமாறும் இடம்

வணக்கம். இசையமைப்பாளர் ஹிண்டமித்தின் பி ஃபிளாட் சிம்ஃபனி இரண்டாம் பகுதியில், ஆல்டோ சாக்ஸஃபோன் கார்னெட்டோடு (டிரம்பெட் போன்ற பித்தளைக் கருவி) வாசிக்கும் தொடக்க மெட்டு நன்றாக வருகிறது, அதுவே பின்னால் கிளாரினெட் முதலான உட்விண்ட் (மரக் காற்றுக்கருவி) வகைகளின் வேகமான ஓட்டத்தோடு சேர்ந்து திரும்பும்போது எண்ணிக்கை தவறுகிறது என்று எழுதியிருந்தீர்கள். நானும் அங்கே ஆல்டோ வாசித்துத் திணறியவன்தான்.

கிளாரினெட்டுகளின் பின்னால் காது போனால் தொலைந்தீர்கள். முதலில் சாக்ஸைக் கீழே வையுங்கள். ஒலிப்பதிவைப் போட்டு, காலால் தாளம் தட்டிக்கொண்டே உங்கள் வரியை வாய்விட்டுப் பாடுங்கள். பாட வராதது விரலிலும் வராது. அப்புறம் கார்னெட் வாசிப்பவரைத் தனியே பிடித்து, இருவருமாக மூச்சு விடும் இடங்களைப் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். அது சரியானதும் ஒரே ஒரு கிளாரினெட்டைச் சேருங்கள். முழு பேண்டோடு வாசிப்பது கடைசியில்தான்.

சுருதியையும் கவனியுங்கள்: மென்மையாக வாசிக்கும்போது சாக்ஸ் ஏறும், கார்னெட் இறங்கும். டியூனரை (சுருதி காட்டும் கருவி) பார்க்காமல் கார்னெட்டின் ஒலியைக் காதால் கேட்டு அனுசரிப்பதே மேல்.

இந்த சிம்ஃபனி, வயலின் போன்ற தந்திக் கருவிகளும் உள்ள ஆர்கெஸ்ட்ராவுக்கு எழுதியதை பேண்டுக்கு மாற்றியதோ என்று கேட்டிருந்தீர்கள். இல்லை, பேண்டுக்கென்றே எழுதியது. 1951-இல் அமெரிக்க ராணுவ பேண்டை வைத்து ஹிண்டமித்தே முதன்முதலில் நடத்தினார்.

மூன்றாம் பகுதியின் ஃபியூக் (ஒரே மெட்டைக் கருவிகள் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்து வாசிக்கும் வடிவம்) எப்படிப் போகிறது?